அம்புக்குறியின் மேல் பச்சை பெயிண்ட்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இருபத்து நான்கு வயதில் அதற்குக் காரணம்கூடத் தேவைப்படவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். மெயின்டனன்ஸில் எலெக்ட்ரீஷியன். வேலை நிரந்தரமாகவில்லை. கன்ஃபர்மேஷன் கடிதம் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஷெட்டில் வார்ப்பிரும்புத் துண்டுகளின் பிசிறை அரைத்தெடுக்கும் ஸ்டாண்டுகள் பன்னிரண்டு. சுழலும் ஒவ்வொரு அரைகல்லுக்கும் பின்னால் ஒரு தகர வாய் இருக்கும். பறக்கும் கருந்தூசியை அந்த வாய் உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே அனுப்பும். வெளியே துணிப் பைகளில் தூசி தங்கிவிடும், காற்று மட்டும் ப்ளோயர் என்கிற பெரிய விசிறி வழியாகப் போகும். அந்த ப்ளோயர் என் பொறுப்பு. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பேரிங்கின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்துச் சத்தம் கேட்பேன். என்னைவிட அதை அறிந்தவன் யாருமில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ப்ளோயர் மோட்டார் எரிந்துபோனது. எரிந்த கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்ட வெளியே அனுப்பினோம். மோட்டார் இல்லாத நேரத்தில் ப்ளோயர் கூட்டைக் கழுவி, பச்சை பெயிண்ட் அடித்தேன். ஆயுத பூஜை என்றால் எங்களுக்கு ஒரு வெறி. வருஷம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் கிடக்கும் மெஷின்கூட அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி நிற்க வேண்டும். முதலாளி வீட்டார் வந்து பார்ப்பார்கள். பூஜையன்று காலையில்தான் மோட்டார் திரும்பி வந்தது. அவசர அவசரமாக மாட்டி, வயர் கொடுத்து, ஸ்விட்சைப் போட்டேன். சுற்றியது. கைதட்டினார்கள். கூட்டுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்தேன். பூசணிக்காய் உடைத்தோம், பொரி தின்றோம், லீவுக்குப் போய்விட்டோம்.

லீவு முடிந்த முதல் நாளே மூன்றாம் ஸ்டாண்டு அக்கா என்னைக் கூப்பிட்டார். வடக்குப்பட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், கான்ட்ராக்ட் ஆள்.

“இன்னா தம்பி மோட்டார் மாட்டினே? வாய் இழுக்கவே மாட்டேங்குது. தூசி பூரா மூஞ்சிக்குத்தான் வருது.”

“புதுசா காயில் கட்டி வந்துருக்குக்கா. இங்கன பாருங்க, மீட்டர் காட்டுதுல்லா?” என்று பேனலில் ஆம்பியர் மீட்டரைத் தட்டிக் காட்டினேன். “போய் வேலையப் பாருங்க.”

மீட்டர் பழைய அளவைவிடக் குறைவாகத்தான் காட்டியது. கரண்ட் மிச்சம் என்று மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு மற்றவர்களும் புகார் சொன்னார்கள். பைகளை உதறினேன், குழாய்களைத் திறந்து பார்த்தேன், பெல்ட்டை இறுக்கினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. தூசி மட்டும் குறையவில்லை. மூன்று வாரம் அந்த ஷெட்டில் இருமல் சத்தம் ஓயவில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது.

மூன்றாவது வாரக் கடைசியில், அக்காவின் ஸ்டாண்டு வாயில் சாக்குத் துணி திணித்திருப்பதைச் சூப்பர்வைசர் கண்டுபிடித்தார். உறிஞ்சாத குழாயிலிருந்து பழைய தூசி தலையில் கொட்டுகிறதே என்று அக்காதான் அடைத்திருந்தார். மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆபரேட்டர் வாயை அடைத்ததால்தான் தூசி, இந்த அம்மாவை நாளையிலிருந்து அனுப்பவேண்டாம் என்று கான்ட்ராக்டருக்குக் கடிதம் தயாரானது. ப்ளோயர் நல்ல நிலையில் உள்ளது என்று நான் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டால் கடிதம் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் இடத்தில் அக்கா என்னை மறித்தார். “மிசினப் பாத்தே, மீட்டரப் பாத்தே. நான் நிக்கிற எடத்துல ஒரு தரமாவது வந்து நின்னியா?”

எரிச்சலோடுதான் போனேன். சாக்கை எடுத்துவிட்ட தகர வாயின் விளிம்பில் பூ கட்டும் வாழைநார் ஒன்றை அவர் முடிந்து வைத்திருந்தார். “பூஜைக்கு முன்னாடி இது உள்ளாற வெறைச்சிகினு நிக்கும். இப்ப பாரு, தொங்கிகினு கீது.”

நாரை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வாய்களிலும் பிடித்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் தொங்கியது. ஒரு வாயை அடைத்தால் மற்ற பதினொன்றும் முன்னைவிட வேகமாக அல்லவா இழுக்க வேண்டும்? தப்பு ஸ்டாண்டில் இல்லை என்று அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

வெளியே ஓடினேன். ப்ளோயரை அணைத்து, வேகம் தணியும்போது பெல்ட் ஓடும் புல்லி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தேன். சுற்றவேண்டிய திசையைக் காட்ட, கூட்டின் மேல் சிவப்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது கண்ணில் படவில்லை. ஹாக்ஸா பிளேடால் என் பச்சை பெயிண்டைச் சுரண்டினேன். நான் வைத்த பொட்டுக்கு நேர் கீழே அம்பு இருந்தது. மோட்டார் அதற்கு எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

தலைகீழாகச் சுற்றினால் ப்ளோயர் காற்றை வெளியே ஊதும் என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. அப்போதும் கொஞ்சம் உறிஞ்சும், பெயருக்கு. காற்று குறைவாக இழுபடுவதால் மோட்டார் எடுக்கும் கரண்டும் குறையும். மிச்சம் என்று கொண்டாடினோமே, அது இதுதான். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் இரண்டு இடம் மாறினாலே அது எதிர்ப்பக்கம் சுற்றும்; அப்படித்தான் நான் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

பத்து நிமிஷ வேலை. சத்தமில்லாமல் வயரை மாற்றிவிட்டால் என் மானம் தப்பிவிடும். ஆனால் நாளைக்கு அக்கா இருக்கமாட்டார், தூசியும் இருக்காது. பார்த்தீர்களா, அந்த அம்மா போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். அதை நினைத்ததும் வந்த கோபம் முதல்முறையாக என் மேலேயே வந்தது. நேராக மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“மாத்திப் போட்டுட்டு வந்து சைன் பண்ணு. ஆடிட் வருது, வெளிய பேசாதே.”

“அந்த அக்கா, சார்?”

“கான்ட்ராக்ட் லேபர்ப்பா. வேற எங்கயாவது போட்டுக்குவாங்க. உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ.”

“அது அங்கயே இருக்கட்டும் சார்.”

ஷிப்ட் மாறும் நேரம். இரண்டு ஷிப்ட் ஆட்களும் ஷெட்டில் இருந்தார்கள். ஒரு மரப் பேலட்டின் மேல் ஏறி நின்று கத்தினேன். “எல்லாரும் இங்கன வாங்க! மூணு வாரமா நீங்க தின்ன தூசிக்கு நான்தான் காரணம். வயரை மாத்திக் குடுத்தது நான். அம்புக்குறி மேல பெயிண்ட் அடிச்சதும் நான். அந்தக்கா மேல ஒரு தப்பும் கெடையாது!”

எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், அவர்கள் கண் முன்னாலேயே வயரை மாற்றிப் போட்டு ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே ஓடிய யாரோ விசிலடித்தார்கள். பன்னிரண்டு வாய்களும் இழுத்தன. மேனேஜர் வாசலில் நின்றார். இத்தனை பேர் பார்த்த பிறகு அந்தக் கடிதத்தை அவரால் அனுப்ப முடியவில்லை. எனக்கும் அந்த வருஷம் கன்ஃபர்மேஷன் வரவில்லை. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அங்கேயே மெஷின் பழுதுகளைப் பதியும் பிரேக்டவுன் ரிஜிஸ்டரை எடுத்து, காரணம் என்ற இடத்தில் ‘மோட்டார் வயர் தவறாக இணைக்கப்பட்டது’ என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பெரிய வீரனைப் போல நிமிர்ந்தேன். அக்கா நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.

“இன்னா எழுதினே, படி.”

படித்தேன்.

“மொத நாளே நான் வந்து சொன்னேனே, அது எங்க? மீட்டரத் தட்டிக் காட்டி என்னத் தொரத்தினியே, அது எங்க?”

எனக்குக் காது சூடானது. குனிந்து, ‘மூன்றாம் ஸ்டாண்டு ஆபரேட்டர் முதல் நாளே புகார் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை’ என்று எழுதினேன். அதையும் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார். அந்த ரிஜிஸ்டரில் ஆபரேட்டர் கையெழுத்துப் போட இடமே கிடையாது. மேனேஜருக்கென்று விட்டிருந்த கட்டத்தில், மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தன் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.