வரிசையில் பன்னிரண்டாவது ஆள்

இருபது வருடத்தில் ஒன்பது கால்பந்து அணிகளுக்கு இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன் நான். விழுப்புரமோ அனந்தபுரமோ, யார் கூப்பிட்டாலும் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். முழங்கால் தேய்ந்த பிறகு திண்டிவனம் கிளப்பில் என்னைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். கமிட்டிக் கூட்டத்தின் மெத்தை நாற்காலியில் எனக்குத் தூக்கம்தான் வந்தது.

போன மாதம் விழுப்புரத்தில் எங்கள் அணிக்கு ஃபைனல். ஆட்டத்துக்கு முன் பிரமுகர்கள் இறங்கிப் போய், வரிசையாக நிற்கும் ஆட்டக்காரர்களுக்குக் கை கொடுப்பது வழக்கம். வெள்ளை வேட்டியும் சால்வையுமாக முதலில் நான் போனேன். பதினோரு கையையும் குலுக்கி முடித்தேன். பிறகு மேடைக்குத் திரும்பாமல், கடைசிப் பையன் பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றுவிட்டேன். இருபது வருடம் நின்று பழகிய கால், என்னைக் கேட்கவே இல்லை.

எனக்குப் பின்னால் வந்த விழுப்புரம் கிளப் தலைவர் எல்லோருக்கும் கொடுத்த கையை எனக்கும் கொடுத்தார். அப்புறம்தான் வேட்டியைப் பார்த்தார்.

"இன்னாங்க, நீங்களுமா ஆடப்போறீங்க?"

பையன்கள் பதினோரு பேரும் சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினார்கள். தப்பு நடந்துவிட்டது என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். எனக்கோ தலைகால் புரியாத குஷி. அவர் கையை விடாமலே சொன்னேன்:

"லெஃப்ட் பேக்குங்க."