ஒரு கண் மங்கினால் ஊரெல்லாம் டாக்டர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் பல வருடங்கள் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண்ணைச் சோதித்துப் பார்க்கும் ஆளாக, வேலை செய்தேன். அதற்கென்று படித்தேன், பதிவு பெற்றேன், அந்தப் பதிவைத் தவறாமல் புதுப்பித்தும் வந்தேன். இதெல்லாம் தேவையே இல்லை என்பது வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. நம் ஆட்களில் கண் வைத்தியம் தெரியாதவர் யார்? பக்கத்து வீட்டு ஆன்டிக்குத் தெரியும். நாசி லெமாக் சோறு விற்கிறவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவருக்கு ரொம்பவே தெரியும். கண்ணைப் பார்க்காமலே நோயைச் சொல்லிவிடும் இந்த மேதைகளுக்கு நடுவில், கருவிகளை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகப் பார்வதி அக்காவின் இடது கண்ணைப் பற்றி எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. பை நிறையக் கண்ணாடி

பார்வதி அக்கா கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டிய வயது. கிள்ளானிலிருந்து ரயிலேறி எங்கள் கடைக்கு வந்தார். கூடவே அவருடைய அண்ணன் குணசேகரன். நாற்காலியில் உட்காரும் முன்னே அக்கா பையைத் திறந்து மூன்று கண்ணாடிகளை என் மேசையில் வைத்தார். மூன்றும் மூன்று கடையில் செய்தவை.

"மிஸ், எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன். இடது கண்ணு மட்டும் பொகை மூட்டமாவே இருக்கு. இன்னும் கொஞ்சம் பவர் ஏத்திக் குடுங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வேனில் காத்திருந்தபோது வலது கண்ணில் தூசி விழுந்திருக்கிறது. கையால் பொத்திக்கொண்டு கசக்கியிருக்கிறார். அப்போது எதிரே இருந்த பள்ளிக்கூடப் பெயர்ப் பலகையில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அதுவரை நல்ல கண் கெட்ட கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. ஒரு கண் மங்கல் இப்படித்தான் பல மாதம் ஒளிந்திருக்கும்.

நான் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் குணசேகரன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எல்லாம் போனுதான் மிஸ். படுத்துக்கிட்டே டிராமா பாக்குறா. அதோட சூட்டு உடம்பு."

"போனை ரெண்டு கண்ணாலயும்தானே பாக்குறாங்க? ஒரு கண்ணு மட்டும் எப்படிக் கெடும்?"

"ஒருக்களிச்சுப் படுத்துல்ல பாக்குறா!"

இதற்கு என் பாடப் புத்தகங்களில் பதில் இல்லை.

அதுவரை அந்தக் கண்ணுக்கு நடந்த வைத்தியங்களை அக்கா வரிசையாகச் சொன்னார். பன்னீர் விட்டாயிற்று. விளக்கெண்ணெய் விட்டாயிற்று. அடுத்த வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் தாய்ப்பால் வாங்கி விட்டாயிற்று. திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றியாயிற்று. இவற்றோடு காலையும் மாலையும் ஊதா நிறத்தில் ஒரு ஜூஸ். அது கண் நரம்பைப் புதுப்பிக்குமாம். அதை விற்கிறவர் வேறு யார், குணசேகரன்தான்.

2. ஊசித் துளை

எங்கள் தொழிலில் பின்ஹோல் என்று ஒன்று உண்டு. கறுப்பு மூடி, நடுவில் ஊசித் துளை. நல்ல கண்ணை மறைத்துவிட்டு, மங்கிய கண்ணுக்கு முன்னால் அதை வைப்போம். பவர் குறைதான் காரணம் என்றால், அந்தத் துளை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெளியும். தெளியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில். சின்னப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய சோதனை. ஆனாலும் மூன்று கடைகளில் ஒன்றிலும் யாரும் அதைச் செய்யவில்லை. பிரேம் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்திருக்கிறது.

அக்காவின் இடது கண்ணில் துளையை வைத்தேன். ஒரு வரிகூட முன்னேற்றம் இல்லை.

அதன் பிறகு கண்ணின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வொன்றாகப் போனேன். கருவிழியில் தழும்பு இல்லை. கண் வறட்சி கொஞ்சம் இருந்தது, ஆனால் இவ்வளவு மங்கலுக்கு அது போதாது. கண்புரை இப்போதுதான் தொடங்கியிருந்தது, அதுவும் இரண்டு கண்ணிலும் ஒரே அளவு. கண் அழுத்தம் சரி. டார்ச் அடித்தால் கண் பாப்பா ஒழுங்காகச் சுருங்கியது. பிறகு கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னேன்.

"நடுவுல கோடெல்லாம் வளையுது மிஸ். தண்ணிக்குள்ள பாக்குற மாதிரி."

"பாத்தீங்களா, நரம்புத் தளர்ச்சி!" என்றார் குணசேகரன்.

விழித்திரையைப் படம் எடுத்தேன். அவரும் நாற்காலியை நகர்த்தித் திரைக்குக் கிட்டே வந்தார். மேல்பாதியில் தீக்கொழுந்துகள் போல ரத்தக் கசிவு. விழித்திரையின் ஒரு சிரைக் கிளை அடைத்து, ரத்தமும் நீரும் வெளியே கசிந்து, பார்வையின் மையமான மேக்குலா வீங்கியிருக்க வேண்டும். இதற்கு உலகத்தில் எந்தக் கடையும் கண்ணாடி செய்து தர முடியாது.

"அக்கா, பிரஷர் இருக்கா?"

"இருந்துச்சு மிஸ். கவர்மெண்ட் கிளினிக்ல மாத்திரை குடுத்தாங்க." சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தார். "இப்ப சாப்பிடறதில்ல."

"நான்தான் நிப்பாட்டச் சொன்னேன்," என்றார் குணசேகரன் பெருமையாக. "அந்த மாத்திரை கிட்னிய அடிச்சிரும் மிஸ். ஜூஸ் குடிச்சா போதும் லா."

ரத்த அழுத்தம் பார்த்தேன், எக்கச்சக்கம். நம்ப முடியாமல் மறுபடி பார்த்தேன். அதேதான். கண்ணுக்குள் நடந்தது மூளையில் நடக்காமல் இருந்ததற்கு அக்காவின் நல்ல நேரத்தைத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

3. வேன் சாவி

ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போகச் சொன்னேன். எங்கள் பாஸ் என்னைப் பின்பக்கம் அழைத்தார்.

"அவங்க கண்ணாடி வாங்க வந்தவங்க லா, ரேணு. நீ ஏன் ஆஸ்பத்திரிக்கு வெரட்டுற? ஒரு ஜோடி போட்டுக் குடுத்துட்டு, அப்புறம் போகச் சொல்லலாம்ல?"

"நாலாவது கண்ணாடியா பாஸ்? பையில எடமில்ல," என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும். விற்கத் தெரிந்தவருக்கெல்லாம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

திரும்பி வந்தால் அக்கா அழுதுகொண்டிருந்தார். கண்ணுக்காக அழவில்லை.

"போன மாசம் சிம்பாங் சந்தியில, எடது பக்கம் வந்த மோட்டர் சைக்கிள நான் பாக்கவே இல்ல மிஸ். பின்னாடி பிள்ளைங்க கத்துனதாலதான் பிரேக் போட்டேன். அந்தப் பையன் தப்பிச்சுட்டான். நான் யார்கிட்டயும் சொல்லல."

குணசேகரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "நீ சும்மா இரு அண்ணே," என்றார் அக்கா. அந்தக் குரலை அவர் அதற்கு முன் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அங்கேயே மகளுக்குப் போன் செய்து, சாயங்காலம் பிள்ளைகளை ஏற்ற வேறு வேன்காரரைப் பிடிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே நான் நினைத்ததையே சொன்னார்கள். பிரஷர் மாத்திரை திரும்பவும் ஆரம்பமானது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது என்றார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். கண்ணில் ஊசி போட்டால் கண் கரைந்துவிடும் என்றார் ஒருவர். ஷா ஆலமில் யாருக்கோ அப்படி ஆனதாம். யார் அந்த யாரோ என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா எனக்குப் போன் செய்தார்.

"வலிக்குமா மிஸ்?"

"மரத்துப்போற மருந்து விட்டுத்தான் போடுவாங்க. அமுக்குற மாதிரி இருக்கும். பயமாத்தான் இருக்கும் அக்கா. போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார். பல மாதம், ஒவ்வொரு முறையும் தனியாக ரயிலேறிப் போய்.

4. சாட்சி

பார்வை திரும்பியது, முழுசாக இல்லை. எழுத்து அட்டையின் கடைசி வரிகள் இன்றும் தெரியாது, கோடுகளில் லேசான நெளிவு மிச்சம். முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மீட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஸ்கூல் வேனை அக்கா மகளிடம் கொடுத்துவிட்டார். ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் பிள்ளைகளை ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

குணசேகரன் என்ன செய்தார் தெரியுமா? தங்கையின் படத்தைப் போட்டு, ஜூஸ் குடித்துப் பார்வை திரும்பியது என்று வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் விட்டார். அக்கா அதே குழுவில் குரல் பதிவு போட்டார். எனக்கும் அனுப்பினார். "கண்ணுல ஊசி வாங்குனவ நான். பாட்டில் மூடியத் தெறந்தது மட்டும்தான் நீ. படத்த எடு அண்ணே." படம் போய்விட்டது.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம் குணசேகரன் தனியாகக் கடைக்கு வந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பிரேம் பார்க்க வந்தாராம். அரை மணி நேரம் பிரேம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வலது கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு மிஸ். ஒரு வருஷம் இருக்கும்."

எத்தனை பேருக்குக் காரணம் சொன்ன வாய்! உட்காரவைத்துப் பார்த்தேன். முற்றிய கண்புரை. சாதாரண ஆபரேஷனில் சரியாகிவிடும், ஆனால் அன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டும் என்றேன்.

"பார்வதிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க மிஸ்."

நான் சொல்லவில்லை. ஆனால் காரோட்ட அவர் கேட்கக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை. கடைசியில் பார்வதி அக்காதான் கூட்டிப்போனார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையாம். அதற்கு மேல் குணசேகரனை யாரும் தண்டித்திருக்க முடியாது.

புதிதாக வருகிறவர்களே, ஒரு கண் மட்டும் மங்கலாகவே இருக்கிறது என்று ஒருவர் வந்தால், பவராக இருக்கலாம், புரையாக இருக்கலாம், விழித்திரை, நரம்பு, அழுத்தம், எதுவாகவும் இருக்கலாம். திடீரென்று மங்கினாலோ, திரை விழுந்தாற்போல இருந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, வலித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி உள்ளே பார்க்கும்வரை "எனக்குத் தெரியாது" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லத்தான் இந்தத் தொழிலில் ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் வெளியே நிறையப் பேர் இருக்கிறார்கள்.