வெள்ளிக் கம்பிக்கு ஒரு பேசாத மரம்

வாசகரே, நீங்கள்தான் சாட்சி. கூண்டில் ஏற வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருங்கள். முடிவில் நான் ஒரு வாக்குக் கொடுப்பேன். கொடுத்த வாக்கையே மறுத்து வாதாடி வெல்லும் ஆற்றல் எனக்கு உண்டென்பதால், காதால் கேட்ட ஒருவர் தேவைப்படுகிறார்.

எனக்குத் தெரிந்தவை இரண்டு: பட்டிமன்றத்தில் எந்த அணியில் அமர்த்தினாலும் வெல்வது, தகனினிப் புறநகரில் என் வாடகை வீட்டின் கராஜில் கத்திக்குப் பிடி செய்வது. இந்தச் சொத்தை நம்பி ஒருத்தியை மணக்கத் துணிந்தேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பக்கத்து ஊரான மனுரேவாவில் உணவகமொன்றின் சமையல்காரி. மோதிரத்தை வேலை நேரத்தில் கழற்றிவிடுவாள், கத்தியைக் கீழே வைக்கமாட்டாள். எனவே கத்திப் பிடியில் வெள்ளிக் கம்பியால் முல்லைக்கொடி பதித்து, அதை நீட்டிச் சம்மதம் கேட்பதென முடிவு செய்தேன்.

மவுண்ட் வெல்லிங்டன் மரக்கடையில் இரண்டு துண்டுகள் கண்ணில் பட்டன. ஒன்று, இடித்த வீட்டிலிருந்து வந்த ரிமு என்னும் உள்நாட்டு மரம். சிவப்பும் பழுப்புமாய் ரேகைகள் சுழித்து ஆர்ப்பரித்தன. மற்றது வால்நட், சீரான கருமை, நெருங்கிய இழை, சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மேடைக்கு இலாயக்கற்ற முகம் என்று அதை ஒதுக்கினேன். நிறைந்த சபைக்கு முன் பேச்சாளரை நிறுத்துவதுபோல் பெருமிதத்தோடு ரிமுவை வாங்கி வந்தேன்.

நுண்ணிய பள்ளம் கீறும்போதே ரிமு உளியைத் தன் சுழிப்புகளுக்குள் இழுத்தது, ஓரங்கள் உதிர்ந்தன. இயற்கையின் கவித்துவம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லி, கம்பியைத் தட்டி இறக்கினேன்.

உணவகத்தின் பின்வாசலில், அவளுடைய இடைவேளையில் கேட்டேவிட்டேன். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளி எங்க?"

மரத்தின் மாண்பு, ரேகையின் அழகு, கொடியின் உட்பொருள் எனத் தலைப்புவாரியாக விளக்கினேன். இடைவேளை தீரப்போகிறது என்றாள். பிறகு சொன்னாள்:

"மரம் ஓயாமல் கதைச்சுக்கொண்டு நிக்குது. வெள்ளி எப்ப வாய் திறக்கிறது? உங்களக் கட்டினால் எனக்கும் இந்தக் கதிதானே?"

வெள்ளி கண்ணுக்குத் தெரிகிற அன்றைக்குப் பதில் சொல்வதாகக் கூறி, கத்தியைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எதிரணியிடம் இத்தனை குறைந்த நேரத்தில் நான் தோற்றதே இல்லை. தீர்ப்பளிக்க நடுவர் தேவைப்படவுமில்லை.

மறுநாளே அந்த வால்நட் துண்டை வாங்கினேன். நான் சொன்ன இடத்தில் மட்டும் உளி போயிற்று. கம்பியைத் தட்டி இறக்கி, ஈரத்துணியால் ஒற்றியதும் மரம் சற்றே உப்பி வெள்ளியை இறுகப் பிடித்துக்கொண்டது. தேய்த்து எண்ணெய் பூசியபோது கருமையில் கொடி தனியே எழுந்து நின்றது. மரம் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

அதே பின்வாசல். இம்முறை கத்தியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள் விரலால் கொடியை இலை இலையாகத் தடவினாள்.

"ஓம்," என்றாள்.

நன்றியுரை தயாராக இருந்தது. பைக்குள் குறிப்பும் இருந்தது. அதை எடுக்கப் போன கையை அவள் பார்த்தாள். கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, குப்பைத்தொட்டிகளுக்கும் காது கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"நம் கல்யாண மேடையில் மைக் உனக்கு. நான் தொடமாட்டேன்."