மூடினால் மறுபடி வரும் பெட்டி

பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன் கடையில் வேலை எனக்கு. பட்டுப்புடவையின் கரையையும் முந்தியையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைய வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறியில் டிசைன் விழுவதற்கான அட்டையில் ஓட்டை குத்துவார்கள். ஒரு புள்ளி தப்பினால் புடவை முழுக்க அதே தப்பு வரும். கண்ணை அந்தண்டை இந்தண்டை எடுக்க முடியாது. எடுக்காமல் இருக்க விட்டால்தானே.

கம்ப்யூட்டர் விற்றவர், மெஷின் வேகமாக ஓடும் என்று ஏதோ ஒரு சாஃப்ட்வேரையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்திருந்தார். நான் அன்னப்பட்சியின் கழுத்து வளைவில் இருக்கும்போது அது ஒரு பெட்டியாக நடுத்திரையில் வந்து நிற்கும். பெரிய கோளாறு, உடனே சரிசெய்யவும் என்று ஆங்கிலத்தில் சொல்லும். அழுத்தினால் போகும். ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் திரும்ப வரும். எடுத்துத் தொலைக்கலாம் என்றால் முதலாளி விடவில்லை. அது இல்லாவிட்டால் மெஷினே படுத்துவிடும் என்று விற்றவர் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் கிளாஸ்லேர்ந்து பிளாப்பி எடுத்துக்கினு வந்தே இல்ல, அதுலதாம்மா வைரஸ் வந்துக்குது" என்றார். எதிர்வீட்டில் அட்டை குத்தும் அக்காவிடமும் அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை முடிவாகச் சொல்லிவிட்டார்: "நாளைக்குள்ள இது போவலன்னா திங்கக்கிழமை நீ வராதம்மா."

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ் ஏறி வேலைக்கு வர அப்பாவிடம் எவ்வளவு மல்லுக்கட்டியிருக்கிறேன். வேலை போனால் அடுத்த நாளே ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார். இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன்.

சனிக்கிழமை முதலாளி வெளியே போயிருந்தார். உட்காரவும் முடியவில்லை, எழுந்து நிற்கவும் முடியவில்லை. சனியனே, உனக்கு என்னதான் வேண்டும் என்று பெட்டியைத் திட்டியபடி, அதுவரை தொடாத ஒரு பொத்தானை அழுத்தினேன். விவரம் வந்தது. அந்த சாஃப்ட்வேர் கடைசியாக மெஷினைச் சுத்தம் செய்த தேதி சரியில்லையாம். அந்தத் தேதி நவம்பர் என்று காட்டியது. நவம்பர்தானே, வெளியே மழை கொட்டுகிறதே. திரையின் மூலையில் மணி மட்டும்தான் தெரியும். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். மெஷினில் இன்றைய தேதி ஆகஸ்ட் என்றது.

நனைந்துகொண்டு வந்த முதலாளியிடம் கேட்டேன். "அண்ணா, இதுல தேதிய யார் மாத்தினது?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான்தாம்மா" என்றார்.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருமுறை பெண்வீட்டார் டிசைன் தாளின் அடியில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்து, அன்றைக்கு அஷ்டமி, அன்று ஆரம்பித்த கல்யாணப்புடவை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்களாம். அதிலிருந்து தினமும் நான் வருவதற்கு முன், நாள்காட்டியில் போன மாதங்களைப் புரட்டி ஒரு முகூர்த்த நாளைப் பார்த்து அதையே மெஷினில் வைத்துவிடுவாராம். கடந்துபோன நாளில் உட்கார்ந்துகொண்டு நவம்பரைப் பார்த்தால் பெட்டி கத்தாமல் என்ன செய்யும்?

அச்சில் தேதி வராமல் இருக்க ஒரு டிக்கை எடுத்தால் போதும். எடுத்தேன். தேதியையும் சரியாக்கினேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டீ வந்தது, குடித்தோம், டம்ளர் ஆறிப்போனது. பெட்டி வரவில்லை.

"திங்கக்கிழமை சீக்கிரம் வந்துடும்மா, மாங்கா கரை ஒண்ணு இருக்குது" என்றார்.

"வைரஸ் என்னால வரலன்னு அக்காகிட்ட சொல்லிடுங்கண்ணா."

"அத்த விடும்மா. இப்போ இன்னா அதுக்கு."

இனி இந்தப் படி ஏறினால் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இறங்கினேன். ஞாயிறு முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.