வெறும் ஃபிளாஷ்

எட்வர்ட் இரண்டு வரைதான் எண்ணுவார். மூன்று என்றால் மனிதர்கள் கண்ணை இறுக்கிக்கொள்வார்கள் என்பது அவருடைய முப்பதாண்டு அனுபவம். “ஒண்ணு, ரெண்டு” என்பார். இரண்டிலேயே படம் விழுந்துவிடும். கும்மிடிப்பூண்டி பஜாரில் உள்ள அவருடைய ஸ்டூடியோவுக்கு அடையாள அட்டைப் படத்துக்காக வரும் தொழிலாளிகளில் பாதிப் பேர் மூன்றுக்காகக் காத்திருந்து, “இன்னும் எடுக்கலியா?” என்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்.

திரைக்குப் பின்னால் கம்பியில் நான்கு சட்டைகள் இஸ்திரி போட்டுத் தொங்கும். எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு வந்தவன் அவற்றில் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார வேண்டும். காலர் பொத்தானை எட்வர்டே போட்டுவிடுவார். சரியாக வராவிட்டால் மறுபடி எடுப்பார். தன் படம் வரவில்லை என்று எவரும் அந்தக் கடையிலிருந்து திரும்பியதில்லை. சிப்காட் தொழிலாளர் வீடுகளின் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் எல்லாம் அவரிடம் வந்தது அந்த நம்பிக்கையினால்தான். அதைக் கெடுத்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் அங்கே ஓர் ஆலையின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. சென்ற தை மாதம் என் மகள் நர்மதாவின் திருமணம், சென்னையில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய ஒரு ஹோட்டலில் நடந்தது. மாப்பிள்ளை பரத்தின் விருப்பம் அது. தேக்குப் படிக்கட்டும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையும் கொண்ட பழைய கூடம். இரு வீட்டாருமாக நாற்பது பேர் மட்டுமே. கைப்பேசியில் யாரும் படம் எடுக்க வேண்டாம் என்று வாசலில் அட்டை வைத்திருந்தார்கள். எட்வர்ட் எடுக்கும் படங்கள் மட்டும் எடுத்த மறுநொடியே கூடத்திலிருந்த பெரிய டி.வி.யில் தோன்றும்படி ஏற்பாடு. யார் எந்த வரிசையில் மணமக்களோடு நிற்க வேண்டும் என்று முப்பத்தாறு எண்கள் கொண்ட பட்டியலை நான் தட்டச்சு செய்து அவரிடம் கொடுத்திருந்தேன்.

இருபத்தெட்டாம் எண் முடிந்தபோது தாவீதும் அவர் மனைவி ஞானம்மாவும் உள்ளே வந்தார்கள். தாவீது ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் எனக்கு உதவியாளராக இருந்தவர். அவருடைய தகப்பனார் காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம்; ஆலைக்குள் முதலில் வந்தவர் அவர்தான். நான் ஓய்வு பெற்ற நாளில், “பொண்ணு கல்யாணத்துக்கு அவசியம் வந்துடணும்” என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மரியாதைக்காகச் சொன்னது. பத்திரிகை கொடுக்கவில்லை. அவர் இடத்தை யாரிடமோ விசாரித்துக்கொண்டு காலை மின்ரயிலில் வந்துவிட்டார்.

“வாட்ச்மேன் உடமாட்டேன்னுட்டான் சார். பொண்ணுக்கு மாமன்னு சொன்னேன், கதவத் தொறந்துட்டான்” என்று சிரித்தார்.

“சும்மா இரு. இம்மாம் பெரிய எடத்துல வந்து இன்னா பேச்சு” என்று ஞானம்மா அவர் கையைக் கிள்ளினார்.

பரத்தின் பெரியம்மா சுமலதா என் அருகில் வந்து, “இவங்க யாரு?” என்றார். “ஆபீஸ் ஆளுங்க” என்றேன். அவர் பார்வை ஞானம்மாவின் ரப்பர் செருப்புக்குப் போய்த் திரும்பியது. ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான்தான் அஞ்சினேன்.

எட்வர்டிடம் போய், “இவங்க லிஸ்ட்ல இல்ல. டி.வி.ல வர வேணாம். சும்மா ஃபிளாஷ் மட்டும் அடிச்சிடு” என்றேன்.

ஃபிலிம் காலத்துப் பழக்கம் அது. மேடையில் கூட்டம் ஏறி, சுருள் தீரும் நிலையில், ஃபிளாஷின் பின்னாலுள்ள சிறு பொத்தானை மட்டும் அழுத்துவார்கள். வெளிச்சம் வரும், படம் இருக்காது. எட்வர்ட்தான் ஒருமுறை இதை எனக்கு விளக்கி, தாம் அதைச் செய்ததே இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

“எடுத்துட்டு அப்பால அழிச்சிடட்டுமா சார்?”

“டி.வி.ல வந்துடுமேப்பா.”

“தாவீது அண்ணன் சார் அது.”

“தெரியும். செய்.”

ஞானம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நர்மதாவின் பக்கத்தில் நின்றார். தாவீது பரத்தின் பக்கம் விறைப்பாக நின்றார். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றார் எட்வர்ட். வெளிச்சம் அடித்தது. டி.வி.யில் முந்தைய படமே நின்றது. தாவீதும் ஞானம்மாவும் டி.வி.க்கு முதுகு காட்டி நின்றதால் அதைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஆல்பம் வாங்கப் போனபோதுதான் மிச்சம் தெரிந்தது. தாவீதின் மகள் கிறிஸ்டினாவுக்கு ஈஸ்டருக்குப் பிறகு திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு முன்னறையில் மாட்ட விரும்பி அவர் ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறார். அவர்கள் படம் இருந்த மெமரி கார்டு மட்டும் பழுதாகிவிட்டது என்று எட்வர்ட் சொல்லியிருக்கிறார். கடையில் ஆட்கள் இருக்கும்போதே, “எம் பொண்ணு கல்யாணத்துக்கும் கார்டு போச்சின்னு கைய விரிப்பியா?” என்று கேட்டுவிட்டு, அந்தத் திருமணத்துக்குக் கொடுத்திருந்த ஆர்டரைத் தாவீது ரத்து செய்துவிட்டார். அதே தெருவின் மூன்று வீட்டார் அவரைப் பின்பற்றினார்கள்.

“என் பேரைச் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா இன்னா சார் ஆவும்? என்னியத் திட்டினா நாலு நாள்ல ஆறிடும். அவரு இங்க வந்து உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல. அத்த ஏன் கெடுக்கணும்?”

அந்தப் பதிலைப் பதினோரு நாட்கள் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். எட்வர்டே வேண்டாம் என்கிறார், நான் போய்ச் சொன்னால் தாவீதின் மனம்தானே புண்படும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் ஸ்டூடியோப் பக்கம் போனேன். கம்பியில் சட்டைகள் இல்லை. எட்வர்ட் அவற்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கடைக்கு ஆர்டர் வருவது நின்றுவிட்டதால், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்ததாரரிடம் நுழைவு பாஸுக்குப் படம் எடுக்கும் வேலைக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து போவதாகச் சொன்னார். அங்கிருந்து நேரே தாவீதின் வீட்டுக்கு நடந்தேன்.

“வா சார், வா சார். ஊடு தேடி வந்துக்கினீயே!” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“தாவீது, கார்டு பழுதாகல. உங்க படத்த எடுக்க வேணாம்னு நான்தான் எட்வர்ட் கிட்ட சொன்னேன்.”

“எடுத்தானே சார். ஃபிளாஷ் அடிச்சுதே.”

“அது வெறும் வெளிச்சம்.”

அடுப்பருகிலிருந்த ஞானம்மா, “அதான் மூணு எண்ணினானா?” என்றார்.

தாவீது என்னைப் பார்க்காமல் பேசினார். “வராதடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊட்லயே இருந்திருப்பேன் சார். கண்ணு மூடிடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் முழிச்சிக்கினு நின்னோம்.”

“மன்னிச்சிடு தாவீது.”

அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். கைப்பேசியை எடுத்து எட்வர்டை அழைத்தார். “இன்னா எட்வர்டு, பொய் சொல்ல என்னிய உட்டா வேற ஆளு கெடைக்கலியா உனக்கு? சரி, வாய மூடு. சாயங்காலம் வா. கல்யாண வேல எந்தெந்த நாளுன்னு குறிச்சிக்கோ. மத்த மூணு ஊட்லயும் நான் சொல்லிக்கிறேன்.”

ஞானம்மா தேநீர் வைத்தார். நின்றபடியே குடித்தேன். வேலை பார்த்த நாட்களில் நான் கிளம்பினால் ஆலை வாசல்வரை கூடவே வந்த மனிதர் அன்று உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

எட்வர்ட் காட்டுப்பள்ளிக்குப் போகவில்லை. கிறிஸ்டினாவின் திருமணம் ஏப்ரல் கடைசியில் நடந்தது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. வாய்வார்த்தையாகவும் யாரும் சொல்லியனுப்பவில்லை. திருமணம் எப்படி நடந்தது என்று மறுவாரம் எட்வர்டிடம் கேட்டேன்.

“ஒரே பேஜாரு சார். அறுநூறு பேரு, தெருவே திரண்டு வந்துடிச்சி. கையே உட்டுப்போச்சி” என்றார். ஒரு தொழிலாளியின் காலர் பொத்தானைப் போட்டுவிட்டு, கேமராவின் பின்னால் போய் நின்றார். “ஒருத்தர உடல சார். எல்லாரையும் எடுத்தேன்.”