சுளுக்குதான் என்றான் ஆர்வில்

அமெரிக்காவின் மொன்டானாவில் ஆர்வில் பிரெக்கேயின் பண்ணை இருக்கிற பக்கத்தில், அறுபதைத் தாண்டிய ஆண்கள் சாவுக்குக்கூட அவ்வளவு பயப்படுவதில்லை. ஊசித் துப்பாக்கியைக் கண்டால்தான் குலைநடுக்கம். கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல் கூடி வேலை செய்வார்கள். தெம்புள்ளவர்கள் கன்றைச் சாய்த்து அமுக்குவார்கள். இனி ஆகாது என்று தோன்றும் ஆளின் கையில், தடுப்பூசி போடும் துப்பாக்கியைச் சிரித்துக்கொண்டே திணித்துவிடுவார்கள். ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான், மறுபடி கன்றைப் பிடிக்க விடமாட்டார்கள்.

மார்ச்சில் உறைபனியில் குதிரை சறுக்கி, ஆர்விலின் வலது தோள்மூட்டு கழன்றது. டவுன் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மயக்க மருந்து கொடுத்து எலும்பை உள்ளே ஏற்றினார்.

"எலும்பு உள்ள போயிடுச்சு. ஆனா அதைப் பிடிச்சு நிறுத்துற தசைநார் கிழிஞ்சு கிடக்கு. கை கழுத்துல கட்டின தூளியிலயே இருக்கட்டும். ஆறினப்புறம் பயிற்சி சொல்லித் தர்றேன். அதுக்குள்ள வீராப்பு காட்டி எதையாவது இழுத்தீங்க, மறுபடி கழலும்."

வீட்டில் மனைவி மார்லிஸ் பதறிக் கேட்டபோது, "சும்மா சுளுக்குதான்" என்றான். சுளுக்கு யாருக்கும் வரும், போகும். கழன்றது என்று சொன்னால் பக்கத்துப் பண்ணைக்காரி டோரீன் ஸ்டானெக் காதுக்குப் போகும், அவள் இவனுக்கென்று ஊசித் துப்பாக்கியை எடுத்து வைத்துவிடுவாள். வலி அடங்கியதும் தூளியைக் கழற்றி வண்டி இருக்கைக்கு அடியில் செருகினான் மடையன். பயிற்சிக்கும் போகவில்லை.

மே மாதம் டோரீன் பண்ணையில் வேலை. கன்றின் கழுத்தில் மார்லிஸ் முழங்கால் ஊன்றி முன்னங்காலை மடக்குவாள். பின்னால் தரையில் உட்கார்ந்து ஆர்வில் பின்னங்காலை இழுத்துப் பிடிப்பான். கல்யாணமான வருஷத்திலிருந்து அதே ஜோடிதான். அவர்களிடமிருந்து கன்று தப்பியதே இல்லையென்று ஊரே சொல்லும்.

அன்று ஒரு கொழுத்த கிடாரிக்கன்று உதறியது. ஆர்விலின் தோளுக்குள் எதுவோ நழுவி, உடனே தானாகவே உள்ளே விழுந்தது. அந்த ஒரு கணத்தில் பிடி விட்டுப்போயிற்று. கன்று துள்ளி எழுந்தது. மார்லிஸ் தூக்கியெறியப்பட்டாள், விழுந்த வேகத்தில் முழங்கால் திருகிக்கொண்டது.

"எந்திரி, நாலு எட்டு நடந்தா சரியாயிடும்!" என்று யாரோ அவள் கையைப் பிடித்தார்கள்.

"நடக்க வைக்காதீங்க! இழுத்தும் விடாதீங்க" என்று கத்தினான் ஆர்வில். "துணியில ஐஸைச் சுத்தி வைங்க. காலை உயரத் தூக்கி வைங்க. டாக்டர் பாக்கட்டும்."

"பொண்டாட்டி மேல என்ன கரிசனம்!" என்று டோரீன் மெச்சினாள். அவன் ஐஸ் எடுத்துவர நகர்ந்தான்.

மார்லிஸ் டவுனுக்குப் போக மறுத்தாள். வேலையைப் பாதியில் விட்டுப் போவது மரியாதையில்லையாம். சாப்பாட்டு மேஜையில், பக்கத்து நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டாள்.

"என் தப்புதான், டோரீன். நான்தான் சரியா உக்காரல. ஆர்வில் பிடிச்சா உடும்புப்பிடி, அவன் என்ன பண்ணுவான் பாவம்!"

"வயசாச்சுடி உனக்கு" என்று சிரித்தாள் டோரீன். "அடுத்த வருஷம் நீ துப்பாக்கியத் தூக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மார்லிசும் சிரித்தாள், ஆனால் காது மடல்வரை சிவந்துவிட்டது. மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்வில் பீன்ஸையும் மாட்டிறைச்சியையும் கரண்டியால் தள்ளிக்கொண்டிருந்தான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"டோரீன், துப்பாக்கிய எங்கிட்ட குடு."

"என்னய்யா, சோறு தின்னதும் கிழவனாயிட்டியா?"

"கன்னுக்குட்டிய விட்டது நான். காலையில தோள் கழண்டுச்சு. மார்ச்சுலயே கழண்டதுதான். சுளுக்குன்னு பொய் சொன்னேன்."

மார்லிஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு நேரமா ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தேனே, ஆர்வில். பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

டோரீன் துப்பாக்கியை எடுத்து நீட்டினாள். இடது கையால் வாங்கிக்கொண்டான்.

மதியம் முழுக்கக் கன்றுகளுக்கு ஊசி போட்டான். மார்லிஸ் வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். துப்பாக்கி பிடித்தவனை விடாமல் நக்கலடிக்கிற அந்தக் கூட்டம் அன்று வாயே திறக்கவில்லை. ஒருத்தராவது கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.