புகுந்தன

ஒரு வினைச்சொல்லைக் கொண்டு ஒரு நண்பரைக் காட்டிக்கொடுத்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று நாற்பது வருடங்களுக்கு மேல் கடத்தியாயிற்று.

சிட்னியின் புறநகரான வென்ட்வேர்த்வில்லில் எங்கள் தமிழ் முதியோர் சங்கம் மாதம் ஒருமுறை கவுன்சில் மண்டபத்தில் கூடுகிறது. வாசல் மேசையில் ஒரு தாள் இருக்கும். வருகிறவர்கள் பெயரெழுதிக் கையொப்பமிட வேண்டும். பல வருடங்களாகப் போய்வந்தும் அந்தத் தாளைக் கண்டால் என் கை பின்வாங்குகிறது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரப் பெண்ணிடம், இந்தப் பட்டியல் யாரிடம் போகிறது என்று ஒருமுறை தாழ்ந்த குரலில் கேட்டேன். அவள் என் தோளைத் தட்டி, "கவலை வேண்டாம் டார்லிங், உங்களுக்குச் சைவ சான்ட்விச் என்று ஏற்கெனவே குறித்துவிட்டேன்" என்றாள். சாப்பாட்டுக்காக மட்டும் பெயர் கேட்கிற நாடு இது என்பதை என் மூளை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. கைதான் இன்னும் நம்ப மறுக்கிறது.

உக்ரேன் போர் தொடங்கிய பிறகு வந்த கூட்டத்தில் என்னை எழுந்து விளக்கச் சொன்னார்கள். மொஸ்கோவில் பல வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்பதால் சங்கத்தில் எனக்கு ‘மொஸ்கோக்காரர்’ என்று பட்டம். போஸ்ட் மாஸ்ரராக இருந்து ஓய்வுபெற்ற கனகலிங்கம் கதிரையில் சாய்ந்தபடி கேட்டார்: "அண்ணை, ரஷ்யா ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’ எண்டு சொல்லுது. உங்கட தமிழில அது என்ன?"

"புகுந்தது" என்றேன்.

"கள்ளன் மாதிரியோ?"

"ஓம். கள்ளன் மாதிரித்தான்."

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு மொஸ்கோக்காரர் வாய் திறந்திட்டார்" என்று அவர் சொல்ல, மண்டபம் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அதே சொல்லை எழுதியதற்காகத்தான் என் நண்பர் தங்கராசுவை நான் வேலையை விட்டுத் துரத்தவைத்தேன்.

சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போன குளிர்காலம் அது. அயல்மொழி நூல்களை வெளியிட்ட ஒரு பதிப்பகத்தின் தமிழ்ப் பிரிவில் நாங்கள் இரண்டே பேர் மொழிபெயர்ப்பாளர்கள். நான் யாழ்ப்பாணம், அவர் கோவில்பட்டிக்காரர், தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பாடு. ரஷ்ய விண்வெளி வீராங்கனையின் நினைவாகத் தன் மகளுக்கு வாலன்டினா என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் அவள் ‘வாலு’. அப்போது ஆறு வயது, போலியோவில் சூம்பிய இடது கால். மொஸ்கோ மருத்துவமனையில் செய்யவேண்டிய மூன்று அறுவைச் சிகிச்சைகளில் இரண்டு முடிந்திருந்தன. பனி விழும் நாட்களில் அவளைத் தோளில் சுமந்துகொண்டு மருத்துவமனைக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

வெளிநாட்டுக் கொள்கை பற்றிய பிரசுரங்களுக்கு மேலிருந்து சொற்பட்டியல் வரும். ‘படையெடுப்பு’ கூடாது. ‘சகோதர உதவி’, ‘சர்வதேசியக் கடமை’, ‘வரையறுக்கப்பட்ட துருப்புப் பிரிவு’ இவைதாம் அனுமதிக்கப்பட்டவை. ஒரு பிரசுரத்தில் தங்கராசு, ‘சோவியத் துருப்புகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தன’ என்று எழுதிவிட்டார். எங்கள் பதிப்பாசிரியை லுத்மீலா இவானொவ்னாவுக்குத் தமிழ் இலக்கணம் எங்கள் இருவரையும்விட நன்றாகத் தெரியும். பேச்சுத் தமிழின் வாடைதான் தெரியாது. அவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். ‘புகுதல்’ என்றால் உள்ளே வருதல்தானே, இதில் ஏதும் குறை உண்டா?

எங்கள் பிரிவில் ஒருவரைக் குறைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. "தமிழர்கள் அதைத் திருடனுக்குச் சொல்வார்கள்" என்றேன். கலியாணமான பெண்ணின் கணவன் வீட்டைப் புகுந்த வீடு என்கிறோம். அவளை விளக்கேற்றி வரவேற்கிறோம். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை. "வேறு பொருள் இல்லையா?" என்று அவர் இரண்டாம் முறையும் கேட்டார். "இல்லை" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த மாதமே தங்கராசுவின் ஒப்பந்தம் முடிந்தது. என்னுடையது நீண்டது. புறப்படும் நாளில், "குக்கரை நீங்க வச்சுக்குங்க தோழர், எங்களுக்கு ஊர்ல கிடைக்கும்" என்றார். வாங்கிக்கொண்டேன். ஆறு வருடம் அதில்தான் சோறு சமைத்தேன்.

பிறகு அந்த நாடே கலைந்தது, பதிப்பகம் மூடியது, தம்பி ஸ்பொன்சர் செய்து நான் சிட்னிக்கு வந்தேன். மொஸ்கோவில் கட்சி போயிற்று, கொடி மாறிற்று. பக்கத்து நாட்டுக்குள் படையோடு போகும்போது சொல்லுகிற சொற்களை மட்டும் அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். செய்தியில் ஒவ்வொரு சொல்லாக அவற்றைக் கேட்கக் கேட்க, அந்தப் பட்டியலைத் தமிழாக்கிய கை என்னுடையது என்று கூசிற்று. தங்கராசு மெல்பேர்னில், டார்னெய்ட்டில், மகளோடு இருக்கிறார் என்பது ஒன்பது வருடங்களாக எனக்குத் தெரியும். அந்தக் கூட்டம் முடிந்த வாரம்தான் விமானச் சீட்டு எடுத்தேன்.

கதவைத் திறந்தது வாலன்டினா. கணினித் துறையில் வேலை, நரை விழுந்திருந்தது, கையில் ஊன்றுகோல். "வாங்க அங்கிள். மாஸ்கோல அப்பாவுக்கு இருந்த ஒரே ஃபிரண்டு நீங்கதான்னு சொல்லுவாரு" என்றாள். உட்காருமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்திருந்தேன். உட்கார்ந்துதான் சொல்ல முடிந்தது.

தங்கராசு கேட்டு முடித்து, தாடையைத் தடவிக்கொண்டார். "புகுந்த வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தோழர்."

"சொல்லியிருக்கலாம். வேணுமெண்டுதான் விட்டனான்."

அவர் சிரித்தார். "நான் திருடனை நெனச்சுத்தான் எழுதுனேன். மருமகளை எவன் நெனச்சான்? நான் எழுதுனதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட ஒரே வாசகர் நீங்கதான். அதைக் கொண்டுபோய் மேலிடத்துல சொல்லிட்டீங்க."

ஒரு கணம் மனம் இளகிற்று. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு கையில் தேநீரோடு வந்த வாலன்டினா எங்களுக்கு நடுவில் நின்றாள்.

"எனக்கு மூணாவது ஆபரேஷன் பாக்கி இருந்தது உங்களுக்குத் தெரியுமா அங்கிள், அன்னைக்கு?"

"விடும்மா" என்றார் தங்கராசு.

"ஓம்" என்றேன்.

நான் கடவுளைக் கூப்பிடுவதாக அவள் நினைத்துவிட்டாள். "சாமியை அப்புறம் கும்பிட்டுக்கலாம். தெரியுமா, தெரியாதா?"

வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கடினமான ‘ஓம்’ அது. அவளைச் சென்றடையவில்லை. அவளுடைய தமிழில் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. "ஆமா. தெரியும்."

அவள் தேநீரை என் முன்னால் வைத்தாள். பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறிப் போனாள்.

அதன்பின் நான்கு முறை போய்வந்துவிட்டேன். "அப்பாவுக்காக வாங்க. எனக்காக வர வேணாம்" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள், ஆனால் விமான நிலையத்துக்கு அவளேதான் கார் ஓட்டி வருகிறாள். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கதிரை உண்டு. தங்கராசுவுக்கு அது நாற்காலி. நாங்கள் பழைய பிரசுரங்களை வாய்விட்டு மொழிபெயர்க்கிறோம், இம்முறை பட்டியல் இல்லாமல். நடுவே மேலே மரத்தரையில் அவள் நடக்கிற ஓசை கேட்கும். ஒரு அடி பலமாக, ஒரு அடி மெதுவாக. அந்த ஓசை அடங்கும்வரை எங்கள் இருவருக்கும் எந்த மொழியிலும் அடுத்த சொல் வருவதில்லை.